மாதா கோயிலில் என்னை விற்ற மதியம்

கோதுமைத் தவிட்டின் தூள் கழுத்தில் பட்டால் அரிக்கும்; வியர்வையோடு சேர்ந்தால் இன்னும் அரிக்கும். தாராவியிலிருந்து பாந்த்ரா போகும் பஸ்ஸில், ஒரு துணிப்பை நிறையத் தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போன அந்த மதியத்தில், சொறியக்கூடக் கையை எடுக்காமல் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்தத் தவிடு என்னுடைய விலை. கொஞ்சம் சிந்தினாலும் விலை குறைந்துபோகும், குறைந்தால் என்னைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது ஏழு வயது.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறக்கும் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாகப் பிறந்ததைச் சாமிக்கோ அயல்வீட்டாருக்கோ கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாக வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்பார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரும் தாராவியில் காய்ச்சலில் போனவர்கள். அந்த வருட மழைக்காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்து கண் செருகியபோது, என்னை மாதாவுக்கு விற்று வாங்குவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் அம்மா பிறந்த ஊரில் ஒரு மாதா கோயில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஆளைக் 'கோயில்பிள்ளை' என்பார்களாம். அவர் தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையைத் தாயின் கையில் எடுத்துக் கொடுப்பதை அம்மா சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறாள். ஊருக்குப் போய்வர வசதியில்லை. பாந்த்ராவில் போர்ச்சுக்கீசியர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். மாதா எங்கே இருந்தாலும் மாதாதானே என்று புறப்பட்டுவிட்டாள்.

தாராவியில் நெல் குத்துவது யார்? நெல்தவிடு கிடைக்கவில்லை. எருமைக் கொட்டகைக்குத் தீவனம் விற்கும் கடையில் கோதுமைத் தவிடுதான் இருந்தது. அது செல்லுமோ செல்லாதோ என்று அம்மா கலங்கியபோது, தோல் பட்டறையிலிருந்து சாப்பிட வந்த அப்பா, "ஏட்டி, பம்பாய் மாதா சப்பாத்தி திங்கிறவ. அவளுக்குக் கோதும தவிடுதான் செமிக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏல, பேரம் படியலன்னா அங்கனயே இருந்துக்கோ. வெள்ள சட்ட போட்டு ரொட்டி தருவாவ. இங்க ஒரு ஆள் சோறு மிச்சம்" என்று சிரித்தார். அது விளையாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கோயிலுக்குள் வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருண்டது. கருத்த மரத்தாலான கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. உருகிய மெழுகின் வாடையும் நனைந்த கல்லின் வாடையும் அடித்தன. ஆள் யாருமில்லை. தரையில் பதித்திருந்த பெரிய கற்களில் எழுத்து வெட்டியிருந்தது. ஒன்றில் மண்டையோடும் அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்புகளும் இருந்தன. அடியில் ஆள் கிடக்கிறது என்பது யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. மிதித்தால் குற்றம் என்று ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே நடந்தேன். அம்மா என்னைப் பீடத்தின் முன்படியில் உட்காரவைத்தாள்.

"இங்கனயே இரி. அசையப்படாது. இப்பம் நீ மாதாவுக்க பிள்ள. கோயில்பிள்ள வந்து ஒன்னய எங்கிட்ட விப்பாரு. அதுவரைக்கும் என்னய அம்மான்னு கூப்புடப்படாது, கேட்டியா? கூப்புட்டா நேர்ச்ச பலிக்காது."

தவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வாங்க வருகிறவள் வெளியிலிருந்துதான் வரவேண்டுமாம். தலை நிமிர்ந்து மாதாவைப் பார்த்தேன். ஊர்க்காரர் வீட்டுக் காலண்டரில் இருக்கும் சிரித்த முகத்து மாதா இல்லை இது. கறுப்பு முக்காடு, கன்னத்தில் கண்ணீர், நெஞ்சில் ஏழெட்டு வாள்கள் குத்தி நின்றன. தன் நெஞ்சிலேயே இத்தனை வாளை வைத்திருப்பவள் என்னை என்ன செய்யமாட்டாள்! மேலே புறா சிறகடித்தால்கூட உடம்பு தூக்கிப்போட்டது. வாசலின் வெளிச்சத்தில் அம்மாவின் முதுகு சின்னதாகத் தெரிந்தது. கூப்பிட்டால் உடனே ஓடிவருவாள், ஆனால் கூப்பிடக்கூடாது. வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். கோயில்பிள்ளை வரவேயில்லை. பம்பாய்க் கோயில்களில் அப்படி ஒருவர் பிள்ளை விற்க வருவதில்லை என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் வந்தவர் வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். மதியத்துக்குக் கதவை அடைக்கச் சாவிக்கொத்தோடு வந்தவர் என்னைக் கண்டு நின்றார். உன் அம்மா எங்கே என்று இந்தியில் கேட்டார். தெருவில் விளையாடிப் பழகியதால் இந்தி எனக்குப் புரியும். ஆனால் அம்மா நின்ற வாசலைக் காட்டினால் நேர்ச்சை பலிக்காது. பொய் சொன்னால் மாதா விடமாட்டாள். நான் கையை நீட்டி, வாள் குத்திய மாதாவைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பெற்றவர்கள் இப்படிக் கோயிலில் பிள்ளையை விட்டுப் போவதை அவர் முன்பே கண்டிருக்க வேண்டும். கிட்டே வந்து குனிந்து, "டர் மத்" என்று மெதுவாகச் சொல்லி என் கையைப் பிடித்தார். பயப்படாதே என்று அவர் சொன்னதும்தான் எனக்கு உயிரே போயிற்று. வாசல் வழியாக அல்ல, பக்கத்திலிருந்த ஒரு சின்னக் கதவை நோக்கி என்னை நடத்திக்கொண்டு போனார்.

அதற்குள் அம்மா ஓடிவந்துவிட்டாள். விற்கிறவர் இவர்தான் என்று நினைத்து, முகமெல்லாம் மலர்ந்து, தவிட்டுப் பையை அவர் முன்னால் நீட்டினாள். அவர் பையைத் திறந்து பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்கிற நான்தான் பேசவேண்டியிருந்தது. அழுதுகொண்டே எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: இவள் என்னை விற்றுவிட்டாள், இப்போது வாங்க வந்திருக்கிறாள், இந்தத் தவிட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கொடுத்துவிடுங்கள்.

பாதிரியாருக்குக் கோபம் வந்தது. இது ஆண்டவரின் வீடு, இங்கே பிள்ளைகளை விற்பதுமில்லை வாங்குவதுமில்லை, உன் பிள்ளையைச் சும்மா கூட்டிக்கொண்டு போ என்று என்னை அம்மாவின் பக்கம் தள்ளினார். நான் அதைச் சொன்னதும் அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள். அம்மா என்னைத் தொடாமல் விலகியது அன்று ஒருநாள்தான்.

"சும்மா வேண்டாம்னு சொல்லு. சும்மா கெடச்ச ரெண்டும் சும்மாவே போயிட்டு. இத நான் வெல குடுத்து வாங்குனாத்தான், நாளைக்கு எமன் வந்தா என்னுதுன்னு சொல்ல முடியும். சொல்லுல!"

என்னால் முழுதும் சொல்ல முடியவில்லை. "தோ பச்சா மர் கயா. முஃப்த் மே" என்று மட்டும் சொன்னேன். இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன, இலவசமாக. பாதிரியார் அதன் பிறகு கோபமாகப் பேசவில்லை. ஆனால் விற்கவும் அவரால் முடியாது. நான் இருவருக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றேன். குனிந்து பார்த்தால் காலடியில் மண்டையோட்டுக் கல்.

வாசலில் மெழுகுவர்த்தி விற்பவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சிவப்புக் கட்டம் போட்ட சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தவள், மராட்டி கலந்த இந்தியில், "ஃபாதர், நீங்க ஒதுங்குங்க. நான் விக்கிறேன்" என்றாள்.

"இவ ஆருன்னு கேளு. மாதாவுக்கு இவ என்ன வேணும்?" என்றாள் அம்மா.

"அங்க நிக்கிறவளுக்குத் தினமும் மெழுகு குடுக்கிறது யாரு? நான்தான். அவ வீட்டு ஆளு நான் இல்லன்னா வேற யாரு?" என்றவள், என் கையைத் தூக்கிப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, "அரே! இந்த எலும்புக்கு இவ்வளவு தவிடா? என் கோழியே இதைவிடக் கனம்" என்றாள். நான் அதையும் அம்மாவிடம் சொன்னேன். "எலும்பா இருந்தாலும் என் எலும்பு. அவ கேக்கதக் குடுக்கேன்" என்றாள் அம்மா. பாதிரியார் எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை உற்று வாசிக்கத் தொடங்கினார். மெழுகுவர்த்திக்காரி தவிட்டை மடியில் கொட்டிக்கொண்டாள். மிச்சத்துக்கு என்று ஒரு மெழுகுவர்த்தியை அம்மாவிடம் நீட்டினாள். பிறகு என் இரண்டு தோள்களையும் பிடித்து அம்மாவின் கைக்குள் கொடுத்து, "லே, தேரா" என்றாள். உன்னுடையது, எடுத்துக்கொள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நான் "அம்மா" என்று போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் எழும்பின.

இப்போது அந்தக் கோயிலில் பளபளவென்று புதுத்தரை போட்டுவிட்டார்கள். எழுத்து வெட்டிய கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். மெழுகுவர்த்திக்காரி உட்கார்ந்திருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சில வருடங்களுக்கு முன் என் ஒரே மகள் டெங்குவில் கிடந்தபோது, யாரிடமும் சொல்லாமல் ஒரு மதியம் அங்கே போனேன். வாயிற்காவலர் என்ன வேண்டும் என்று கேட்டார். என்ன வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து, இப்போது நாங்கள் இருக்கும் மான்குர்த் வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்த அன்று, எவ்வளவு செலவாயிற்று என்று நான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட அம்மா, "அது ஊசிக்கும் மருந்துக்கும் குடுத்த வெல. பிள்ளைக்கு என்ன குடுத்த?" என்றாள். மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

மகள் இப்போது கழிமுகத்துக்கு அக்கரையில், சான்பாடாவில் வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது ரயில் கழிமுகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். மழை நாளில் அவள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் ஸ்டேஷன் படிக்கட்டில் போய் நின்றுகொள்கிறேன். ஒவ்வொரு வண்டியாக வந்து, இறங்கிய கூட்டம் கலைந்து போகிறது. விலை வாங்கிக்கொண்டு அவளைத் தா என்று நான் கேட்க யாருமில்லாமல், வெறும் கையோடு நிற்கிறேன்.