நீள்வாள் என்றொரு கப்பல்

கம்மாபுரத்துக்காரரை நான் கேவலப்படுத்தியது ஒரு கப்பலுக்காக. கடலில் போகிற கப்பல் இல்லை. டிவி தொடரில் விண்வெளியில் போகிற கப்பல்.

என் வேலை கடலூர் துறைமுகத்தில். படகுகளுக்குப் பெயரும் பதிவு எண்ணும் எழுதுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆங்கில எழுத்தை அச்சு மாதிரி எழுதத் தெரியும்; நாலு வார்த்தை சேர்ந்து வந்தால் வாசிக்கத் திணறுவேன். இதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. எழுதி முடித்த எண்ணை மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். பாதி வழியில் நாலாவது தடவை பார்க்கத் தோன்றும்.

சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, அந்தத் தொடருக்காக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தான். தமிழில் பேசும் தொடர். குழுவில் பதினைந்து பேர், பெரும்பாலும் கடைக்கு வந்துபோகும் காலேஜ் பிள்ளைகள். கதையைப் பற்றிப் பேச்சே கிடையாது. தொடரில் வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர், எண், வகை என்று பட்டியல் போடுவதுதான் வேலை. ஒரே மாதிரி கட்டிய கப்பல்களில் முதலில் வந்தது எதுவோ, அதன் பெயர்தான் அந்த வகைக்கே பெயர். 'விடிவெள்ளி' முதலில் வந்ததால் அதன் சாயலில் வந்தவை எல்லாம் விடிவெள்ளி வகை.

பட்டியல் என் கையில் இருந்தது. நான் சரி சொன்னால்தான் ஒரு கப்பல் அதில் ஏறும். எம்.எஸ்சி. படிக்கிற பெண் என்னிடம், "சார், இது எந்த வகை?" என்று கேட்பாள். என்னை வேறு யாரும் சார் என்றதில்லை.

அங்கேதான் கம்மாபுரத்துக்காரர் வந்து சேர்ந்தார். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை, ஐம்பது தாண்டியவர், மனைவி செத்து ஒரு வருஷம். வந்த மூன்றாம் நாளே என் தப்பைப் பிடித்தார்.

விடிவெள்ளி ஒரு சண்டையில் எரிந்துபோகும். பிறகு புதுக் கப்பல் ஒன்று அதே பெயரோடும் அதே எண்ணோடும் வரும். நான் அந்தப் புதுக் கப்பலைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, 'போலி எண், எதிரியின் கப்பல்' என்று எழுதியிருந்தேன். எங்கள் துறைமுகத்தில் உடைந்த படகின் எண்ணைப் புதுப் படகில் எழுதச் சொல்லி ஆட்கள் வருவார்கள். அது திருட்டு. பிடித்தால் எழுதினவனையும் சேர்த்து விசாரிப்பார்கள். ஒரே எண்ணில் இரண்டு கப்பல் என்றால் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அவர் குரல் பதிவு அனுப்பினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. அது போலி இல்ல. செத்த கப்பலோட மரியாதைக்கு அந்த நம்பர புதுசுக்குக் குடுக்குறாங்க. தாத்தா பேர பேரனுக்கு வெக்கிற மாதிரி. அந்த எபிசோட்லயே கேப்டன் சொல்லுவாரு."

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. மறுநாளிலிருந்து அந்தப் பெண் தன் கேள்விகளை அவரிடம் கேட்டாள். ஒரு பையன், பட்டியலை அவரிடமே கொடுத்துவிடலாமே என்று எழுதினான். எண் எழுதும்போதும் அதே நினைப்பு; ஒரு படகில் சாயம் வழிந்தது.

சிதம்பரம் போய் மச்சானைப் பார்த்தேன்.

"இன்னா மாமா, மூஞ்சி இப்பிடித் தொங்குது?"

"அந்தாளு பட்டியல வாங்கிடுவாருடா."

"வாங்குனா வாங்கட்டுமே. ரேஷன் கார்டா அது?"

"ஒனக்குத் தெரியாது மச்சான். அந்தாளுக்கு எல்லாம் தெரியுது. கேக்காததயும் சொல்றாரு."

மச்சான் யோசித்தான். "அப்ப, இல்லாத கப்பல் ஒண்ணக் கேளு. அதுவும் தெரியும்னு சொல்றாரா பாப்போம்."

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கறுப்புத் தட்டியில் ஒரு கப்பல் வரைந்தேன். மூக்கு நீளம், வரிசையாக ஜன்னல், பக்கவாட்டில் எண். நீள்வாள் என்று பெயர் வைத்தேன். அதைப் போனில் படமெடுத்து, டிவி திரையில் போட்டு, மறுபடி படமெடுத்தேன். தொடரிலிருந்து பிடித்த மாதிரியே கலங்கலாக வந்தது. என் வேலையில் அவ்வளவு சுத்தமாக வேறெதுவும் வந்ததில்லை. மற்ற எல்லோருக்கும் மச்சான் தனித்தனியாக விஷயத்தைச் சொல்லிவிட்டான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு நான் குழுவில் போட்டேன்: 'மூன்றாம் சீசனில் ஒரு நொடி வருகிறது. யாராவது பார்த்ததுண்டா?'

இரண்டு நாள் கழித்துத்தான் அவர் பதில் வந்தது. 'பார்த்திருக்கேன் சார். விடிவெள்ளி வகை.'

அடுத்த ஞாயிறு மத்தியானம் மச்சான் கடை மாடியில் எல்லோரும் கூடினோம். அவர் வடலூர் வந்து பஸ் மாறி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்திருந்தார். பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்ததும் மச்சான் ஆரம்பித்தான்.

"ஐயா, அந்த நீள்வாள் பத்திச் சொல்லுங்களேன். நாங்க யாருமே பாத்ததில்ல."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். கப்பல் இடப்பக்கமிருந்து வந்ததாம். பின்னால் நீலப் புகையாம். "எங்க வீட்டம்மா பக்கத்துல ஒக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தாங்க. கீமோ எடுத்து முடி கொட்டுன சமயம். அவுங்களுக்கு இதெல்லாம் புடிக்காது. ஆனா அந்தக் கப்பல மட்டும், ஏங்க, இது நல்லாருக்குதுன்னாங்க."

அந்தப் பெண் குனிந்து கையைப் பார்த்தாள். அப்போது நிறுத்தியிருக்கலாம். மச்சான் என்னைப் பார்த்தான். நான் சரி என்று தலையை ஆட்டினேன். மேசைக்கு அடியிலிருந்து நான் கப்பல் வரைந்த தட்டியை எடுத்து அவர் இலைக்கு முன்னால் நிறுத்தினான்.

"நல்லாருக்குதுன்னு சொன்ன கப்பல் இதுதானே?"

பையன்கள் சிரித்து உருண்டார்கள். ஒருவனுக்குப் புரையேறியது. ஒருவன் இதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அவர் சாயத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாரு வரஞ்சது?"

"நான்தான்," என்றேன்.

"நல்லா வந்திருக்கு தம்பி. விடிவெள்ளி வகைக்கு ஜன்னல் ஏழு. நீங்க ஒம்போது போட்டிருக்கீங்க. படத்துலயே பாத்தேன்."

"ஜன்னல் தப்புன்னு பாத்துட்டும் ஏன் தெரியும்னு சொன்னீங்க?" மச்சான் விடவில்லை.

"பட்டியல் வெச்சிருக்கிறவரு போட்டா சரியாத்தான் இருக்கும், நாமதான் மறந்துட்டோம்னு நெனச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பறம் நெஜமாவே பாத்தாப்புலதான் இருந்துச்சு."

"வீட்டம்மா சொன்னது?"

அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். இலையை மடித்துக்கொண்டு எழுந்தார், கை கழுவினார், எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பிறகு பையன்கள் அதையும் தின்றார்கள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் போனில் வந்தது: அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அடுத்த நிமிஷமே அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம். 'சார், இது எந்த வகை?'

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு வகையைச் சொன்னேன். தப்பென்று சொல்ல இனி அங்கே ஆள் இல்லை. இன்னொரு தடவை சரிபார்க்கக்கூடத் தோன்றாமல் போனைப் பையில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கித்தான் என்னை எழுப்ப வேண்டியிருந்தது.