பழகாத ஷூவும் பாதிக் கேதாரமும்

போன வருஷம் மே மாசக் கடைசியில் திருவண்ணாமலையிலிருந்து ஒரு டூர் குழுவோடு கேதார்நாத், பத்ரிநாத் கிளம்பிப் போனேன். அதற்கு என்ன துணி எடுத்து வைப்பது, செருப்பா ஷூவா என்று இந்த வருஷம் போகிறவர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிப் போட்டுவிடுகிறேன். நான் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறவள். மத்தியானம் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் தூங்கப் போய்விட்டால் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கும்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்தியால் என்று எழுதினால் சாமியே சிரிக்கும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார், பதினோரு வருஷமாக. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. வந்தால் நேராக கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீடு. ஒரு காது குத்து, ஒரு கிரகப்பிரவேசம், நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற வேலை, கிணற்று மோட்டார் ரிப்பேர், நாத்தனார் வீட்டுப் பஞ்சாயத்து என்று நாற்பது நாளும் ஊர் அவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். திரும்பிப் போகிற அன்றைக்கு ஏர்போர்ட் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும்போதுதான், நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு டீ கூடக் குடிக்கவில்லையே என்று எனக்கு உறைக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

அதனால் இந்தத் தடவை ஒரு திட்டம் போட்டேன். அவர் சென்னைக்கு வராமல் டெல்லியில் இறங்க வேண்டியது, நான் டூரோடு டெல்லி போய்ச் சேர வேண்டியது, பத்து நாள் கழித்து இருவரும் ஒன்றாக ஊருக்கு வர வேண்டியது. போனில் அவரிடம் சொன்னேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் கேட்டார். சாமி பேரைச் சொல்லுவோம், கேதார்நாத்துக்குப் போகாதே என்று யார் சொல்லிவிடுவார்கள் என்றேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களே தவிர, நிஜமாகவே அவர்களால் தடுக்க முடியவில்லை. பையன் ஹாஸ்டலில் இருந்தான், அந்தக் கவலையும் இல்லை.

இனி மூட்டை கட்டின கதை. டூர் மேனேஜர் குமரேசன் எங்கள் ஊர்க்காரர்தான். இரண்டு மாசம் முன்னாடியே எல்லாரையும் ஒரு லாட்ஜ் ஹாலில் கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் சொன்னார். தலைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு தங்கல் உட்பட. பருத்திப் புடவை நனைந்தால் காயாது, கம்பளி வேண்டும், குரங்கு குல்லா வேண்டும், மழைக்கு பிளாஸ்டிக் கோட்டு வேண்டும். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏற்றம் பதினாலு கிலோமீட்டர், ஷூ வாங்கி ஒரு மாசம் போட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றும் படித்துப் படித்துச் சொன்னார்.

பதினாலு என்று அவர் சொன்னதும் ஹாலே சிரித்தது. கிரிவலப் பாதையும் பதினாலுதானே. மாசாமாசம் பௌர்ணமிக்கு நடக்கிற ஜனம் நாங்கள், எங்களிடம் வந்து பதினாலு என்றால்? பயிற்சிக்கு மலையைச் சுற்றினால் போதும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சுற்றவும் செய்தோம். அந்த இரண்டு மாசத்தில் பௌர்ணமி மட்டும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் போனோம். ஆனால் மலையைச் சுற்றும்போது காலில் எதையும் போடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. டூருக்கு வருகிற பக்கத்து வீட்டு சகுந்தலா அக்காவிடம், ஷூ போட்டுப் பார்க்கலாமா அக்கா என்று கேட்டதற்கு, என்னவோ கோயிலுக்குள் பீடி பிடிக்கக் கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள். ஆக, குழுவில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் கால் நன்றாகப் பழகிவிட்டது. ஷூ மட்டும் அட்டைப்பெட்டியில் காகிதம் அடைத்தபடி, வாங்கின வாசனையோடு பத்திரமாக இருந்தது. சாமி மலைக்குப் புதுசாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிற எண்ணம் வேறு. இப்படி ஒரு முட்டாள்தனம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் வரும்.

வெயில் கொளுத்துகிற ஏப்ரலில் திருவண்ணாமலையில் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும்? ஆசிரமம் பக்கம் காஷ்மீர்க்காரர் கடையில், சீசன் முடிந்து மூடப் போகிற நேரத்தில் இரண்டு சால்வை கம்மி விலைக்கு வாங்கினேன். ஒரு கெஸ்ட் ஹவுஸில், ஊருக்குப் போகிற வெள்ளைக்காரம்மா விட்டுவிட்டுப் போன பஞ்சு ஜாக்கெட் கிடைத்தது. அதில் என்னை மாதிரி இரண்டு பேர் நுழையலாம். தேரடித் தெருவில் எனக்கு ஒரு சுடிதார் எடுத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் சுடிதார் போட்டதே இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். அவர் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது.

அவருக்கும் நான்தான் எடுத்து வைத்தேன். அங்கிருந்து ஒன்றும் கொண்டு வர வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பீரோவிலிருந்து அவருடைய பேண்ட், முழுக்கைச் சட்டை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டேன். எட்டாம் நம்பர் ஷூ வாங்கினேன். ஒரு மனுஷனுக்கு அவர் இல்லாமலே துணி எடுத்து வைக்கிறது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மடிப்பேன், திரும்பப் பிரிப்பேன், திரும்ப மடிப்பேன். நாலு தடவையாவது பெட்டியை அடுக்கியிருப்பேன்.

சென்னை வரைக்கும் பஸ், ஐந்து மணி நேரம். அங்கிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். ஸ்டேஷனில் அவர் எனக்கு முன்னாடியே வந்து நின்றிருந்தார். நல்லாத் தொப்பை போட்டிருந்தார், முடி கம்மியாகியிருந்தது. ஹரித்வார் போய்ச் சட்டையைப் போட்டால் நடுப் பொத்தான் எட்டவில்லை. ஷூவைப் போட்டால் விரல் முட்டியது. லாரியில் எப்போதும் செருப்புத்தான், பாதம் அகண்டுவிட்டது என்றார். நான் மூட்டை கட்டியது, இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏர்போர்ட் வண்டியில் ஏறின ஆளுக்கு. வந்து நின்றவர் வேறு அளவு. சிரித்தேன். ஹரித்வார் கடையில் ஒன்பதாம் நம்பர் தேட நேரம் இல்லை, மறுநாள் விடியற்காலையிலேயே பஸ் கிளம்பிவிட்டது.

இன்னொரு விஷயம், தம்பதியாகப் போகிறவர்கள் கவனிக்கவும். இந்த மாதிரி டூரில் தங்கல் எல்லாம் சத்திரம்தான். ஆம்பளைங்க ஒரு ஹால், பொம்பளைங்க ஒரு ஹால். பஸ்ஸில் கூட பொம்பளைங்க முன்னாடி, ஆம்பளைங்க பின்னாடி. கீழ்பென்னாத்தூரே பஸ் ஏறி எங்களோடு வந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் முழுக்க, பின் சீட்டில் அவர் இருமுகிற சத்தத்தை நான் முன்னாடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பதினாலு கிலோமீட்டர் மட்டும்தான். ஏற்றத்தில் யார் யாரோடு நடக்கிறார்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள் இல்லையா.

கௌரிகுண்டில் காலை ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அவர் காலில் விரல் முட்டுகிற அதே எட்டாம் நம்பர் ஷூ. நான் சுடிதார், அதன் மேல் சால்வை. அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும். இரண்டாவது கிலோமீட்டரிலேயே குழுவில் ஆளாளுக்குக் கல்லில் உட்கார்ந்து குதிகாலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சகுந்தலா அக்கா ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். குதிரைச் சாணியும் பனித் தண்ணியும் சேர்ந்த பாதையில் அதுவும் கொஞ்ச தூரம்தான். ஒவ்வொருவராகக் குதிரை ஏறினார்கள். ராம்பாடாவில், அதாவது சரியாகப் பாதி வழியில், ஏழாவது கிலோமீட்டரில், என் வீட்டுக்காரருடைய சாக்ஸில் ரத்தம்.

குமரேசன் குதிரைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குதிரை ஏறினால் மத்தியானத்துக்குள் சாமி பார்த்துவிடலாம், இல்லை என்றால் முடியாது என்றார். எனக்கும் ஒரு குதிரை கேட்டேன். குதிரை மேல் ஏறி உட்கார்ந்தால் மயக்கம் வருகிறது எனக்கு, ஏறின வேகத்தில் இறங்கிவிட்டேன். சரி, நீங்க முன்னாடி போங்க, நான் நடந்து வந்துடறேன் என்று இவரிடம் சொன்னேன். இவர் குதிரையையும் என்னையும் பார்த்தார்.

"நான் முன்னாடி போயிட்டு, நீ பின்னாடி தனியா வர்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? அதுக்கு நான் மஸ்கட்லயே இருந்திருக்கலாமே. நான் போகல."

குமரேசன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இவ்வளவு தூரம் வந்து சாமியைப் பார்க்காமல் போனால் பாவம் என்று சகுந்தலா அக்கா குதிரை மேலிருந்தே சொல்லிவிட்டுப் போனார்கள். குழு அன்று ராத்திரி மேலே தங்கி மறுநாள் இறங்குவதாகத் திட்டம். நாங்கள் ராம்பாடாவிலேயே ஒரு டீக்கடையை ஒட்டின அறையில் தங்கிக்கொள்வதாகச் சொன்னோம்.

கடைக்காரர் வெந்நீர் கொடுத்தார். இவர் காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் பக்கத்தில். கீழே ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது, எதிரே மலையில் வெள்ளையாகப் பனி. இதைத்தானே கேட்டேன். ஆனால் பேச்சே வரவில்லை. பதினோரு வருஷம் போன் கார்டில் பேசிப் பழகிவிட்டோம். இவர் மளமளவென்று வீடு, பையன், கடன், அம்மா காலு என்று ஒரு மூச்சில் கேட்டு முடித்துவிட்டு, சரி, அப்புறம் என்று நிறுத்திவிட்டார்.

"கார்டு தீந்துடுச்சாங்க?" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அந்தத் துண்டை எடுக்கவில்லை. நான் அந்த வெள்ளைக்காரம்மா ஜாக்கெட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். அதற்கு அப்புறம்தான் பேச்சு வந்தது. அங்கே பாலைவனத்து ரோட்டில் வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்க, நான் பக்கத்தில் இருக்கிறதாக நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவாராம். என்ன பேசுவீங்க என்று கேட்டேன். எல்லாம்தான் என்றார். அத்தனை பேச்சையும் அந்த லாரி கேட்டிருக்கிறது, நான் கேட்கவில்லை. எனக்கு அந்த லாரி மேல் பொறாமையாக இருந்தது. அன்றைக்கு மட்டும் ஒன்பது டீ குடித்தோம்.

மறுநாள் குழு இறங்கி வந்தது. பிறகு பத்ரிநாத், அங்கே கோயில் வரைக்கும் பஸ் போகிறது, செருப்போடு போய்த் தரிசனம் பண்ணினோம். ஊருக்கு வந்தோம், மிச்ச லீவை கீழ்பென்னாத்தூர் வாங்கிக்கொண்டது. ஏர்போர்ட் வண்டி வந்தது, போனார்.

சரி, கேட்டவர்களுக்கு வருகிறேன். ஷூவை வாங்கின அன்றைக்கே போட ஆரம்பியுங்கள். மலை சுற்றும்போது வேண்டாம், மார்க்கெட்டுக்கு, ரேஷன் கடைக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் போட்டுக்கொண்டு போங்கள், நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு நம்பர் ஜாஸ்தியாக வாங்குங்கள், இரண்டு சாக்ஸ் போட இடம் வேண்டும். பொம்பளைங்க சுடிதாரே எடுத்து வையுங்கள், வயசைப் பார்க்காதீர்கள். ஸ்வெட்டரை ஏப்ரலில் தேடாமல் பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள். வெளியூரில் இருக்கிற ஆளுக்குத் துணி எடுத்து வைப்பதானால், போனில் இப்போதைய அளவைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இந்த வருஷமும் குமரேசன் டூர் போடுகிறார். போன தடவை பாதியில் நின்றவள் என்று எனக்கு முதலில் போன் செய்தார். சகுந்தலா அக்காவும் விடுவதாக இல்லை, போய் அந்தத் தரிசனத்தை முடித்துவிட்டு வாடி என்கிறார்கள். இவரும் போனில் அதையேதான் சொல்கிறார், நீ போய்ட்டு வா, நான் எப்போ வருவேனோ என்று. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ராம்பாடாவுக்கு மேலே இருக்கிற அந்த ஏழு கிலோமீட்டரை நான் தனியாக நடக்க மாட்டேன்.