எடுக்காமல் பிடித்திருந்த காந்தம்

காளியப்பன் போய்விட்டான். நேற்று சாயங்காலம்... முப்பத்து நாலு வயசு.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். சாதிச் சான்றிதழ், பட்டா மனு, ஆதார் திருத்தம்... எல்லாம் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். நான் கல்லாவில் உட்கார்ந்து மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

நேற்று மதியம் வரை என் பக்கத்து நாற்காலியில் இருந்தான். இன்று காலை அடக்கம் முடித்துவிட்டு வந்து இதை டைப் செய்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை.

வேலை கேட்டு வந்த அன்றே சொல்லிவிட்டான். "எனக்கு வலிப்பு இருக்குதுணா. ஒளிக்க மாட்டேன். மூணு எடத்துல இதுக்கே அனுப்பிட்டாங்க."

அப்புறம் சட்டையை விலக்கி இடது மார்பில் ஒரு புடைப்பைக் காட்டினான். தோலுக்கு அடியில் சின்ன மெஷின். அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்து நரம்புக்குப் போகிறது, அந்த நரம்பு வழியாக மூளைக்குக் கரண்ட். சென்னையில் ஆபரேஷன் செய்து வைத்தது. வாராவாரம் வந்த வலிப்பு, அதற்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்த்தது.

"தனியா பஸ் ஏறி வந்துகீறேன்ணா," என்றான். முப்பது வயசில் ஒருவன் அதைப் பெருமையாகச் சொன்னான். அப்போதே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அந்த மெஷின் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு முறை வேலை செய்யும். அந்த அரை நிமிஷம் அவன் குரல் கரகரவென்று கம்மிப்போகும். மனுவைப் படித்துக் காட்டிக்கொண்டே இருப்பான், திடீரென்று வேறு யாரோ பேசுவது போல இருக்கும். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிடுவான். ஆட்களும் பழகிக்கொண்டு காத்திருப்பார்கள்.

மேலூரிலிருந்து ஒரு அம்மா பென்ஷன் விஷயமாக வருவார். இவனுக்குச் சளி என்று அவரே முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பாட்டிலில் மலைத்தேன்... "இன்னா தம்பி, இன்னும் தொண்ட சரியாவலயா?"

ஒரு வருஷம் தேன் வந்தது. உண்மையைச் சொல்லித் தொலையேன்டா என்றேன். "சொன்னா தேன் நின்னுடும்ணா!" திருட்டுப் பயல்.

கையில் வாட்ச் மாதிரி ஒரு காந்தம் கட்டியிருப்பான். வலிப்பு வரும்போது அதை மார்பு மெஷின் மேல் ஒரு தடவை தேய்த்து எடுத்தால் கூடுதலாகக் கரண்ட் பாயும், வலிப்பு அடங்கலாம். கடையில் இருக்கிற ஜெம் கிளிப்பெல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் என் கிளிப் ரெண்டோடுதான் வீட்டுக்குப் போவான்.

வந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "தேய்ச்சு ஒடனே எடுத்துடணும்ணா. வெச்சு அழுத்தினா மெஷின் நின்னுடும்."

சரிடா சரிடா என்றேன். கிளிப்பைத் திருப்பிக் கொடுடா என்றேன்.

நேற்று மதியம் ஒரு பட்டா மனு பாதியில்... நாற்காலியோடு சாய்ந்தான்.

கடையில் நின்றவர்கள் "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்தினார்கள். யாரோ சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார்கள். நான் காந்தத்தைக் கழற்றி மார்பில் வைத்தேன்.

வைத்து அழுத்தினேன்.

சின்ன வயசிலிருந்து பார்த்தது அதுதானே... வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்து, நிற்கும் வரை விடாமல் அழுத்திப் பிடிப்பது. அவன் சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஜீப்பில் மலை இறங்கும் வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும், நான் கையை எடுக்கவில்லை. வலிப்பு நிற்கும், மறுபடி வரும். இன்னும் அழுத்தினேன்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், "எவ்வளவு நேரமா வெச்சிருக்கீங்க?"

"எடுக்கவே இல்ல மேடம்." பெருமையாகச் சொன்னேன். பெருமையாக.

அவர் என் கையைப் பிடித்து விலக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் போய் நின்றேன். "அதனாலதான்னு சொல்ல முடியாதுங்க. இப்படி விடாம வர்றது மெஷினையும் மீறி வரும்," என்றார். அதனால் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அவன் அண்ணன் வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க வூட்ல வந்திருந்தாலும் நாங்களும் அப்டித்தான் புடிச்சிருப்போம்பா," என்றார். "அம்மாகிட்ட மட்டும் இப்ப வாணாம்."

இன்று காலை அவர்கள் வீட்டில்... அவன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கைதான் எம்புள்ளைய விடாம புடிச்சினே வந்துச்சாமே சாமி..."

நான் நின்றுகொண்டிருந்தேன். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மலையில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நானே போய்ச் சொல்கிறேன். இன்று முடியவில்லை.

மன்னிச்சிடுடா காளியப்பா. போய் வா.