சுண்ணாம்பு தெளித்த ஜல்லி

புளியமர ஏலம் எடுத்துப் பிழைத்தவன் நான். ஏலத்தில் அதிகம் கேட்டவனுக்கே மரம். அதனால், புதுச்சத்திரம் ரோட்டுக்கு ஜல்லி போடும் ஜில்லா போர்டு வேலைக்கு டெண்டர் எழுதச் சொல்லி மச்சான் விரட்டியபோது, அது எனக்குக் கிடைத்துத் தொலையக் கூடாதே என்று அடிமட்ட விலையாகப் பார்த்து எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். டெண்டரில் குறைவாகக் கேட்டவனுக்குத்தான் வேலையாம். வேலை எனக்கே வந்து சேர்ந்தது.

டெபாசிட் கட்ட வண்டி மாடுகளை அடகு எழுதிக் கொடுத்தேன். கெடுவுக்குள் ஓவர்சியர் ஜல்லியை அளந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் மாடு போச்சு.

கரட்டுக் கல்லை உடைத்து, என் வண்டியில் ஏற்றி வந்து ரோட்டோரம் குவியல் குவியலாகப் போட்டோம். ஓமலூர்ப் பக்கம் போனபோது பெரிய கண்ட்ராக்டர் ஒருவரின் குவியல்கள்மேல் சுண்ணாம்பு தெளித்திருந்ததைப் பார்த்தேன். சர்க்காருக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும் போல! திரும்பி வந்து, ஒன்று விடாமல் நானும் தெளித்துவிட்டேன்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். இறங்காமலே போகப் பார்த்தார். ஓடி மறித்தேன்.

"ஏனுங்க சாமி, அளக்காமப் போறீங்க?"

"அளந்தாச்சே. சுண்ணாம்பு இருக்கே."

"அது நாந்தானுங்க தெளிச்சேன்."

"நீயா? அளந்த குவியலை எவனும் களவாடாம இருக்கத்தான்யா நாங்க சுண்ணாம்பு தெளிக்கிறது! சுண்ணாம்பு தெரியாம எல்லாத்தையும் கலைச்சு மறுபடி குவி. நாளைக்கு வரேன்."

மச்சானும் நானும் விழுந்தடித்துக் கலைத்தோம். பாதிகூட ஆகவில்லை, ஊர் அதிகாரியான மணியக்காரர் தடியோடு வந்து நின்றார்.

"ஏன்டா, பட்டப்பகல்ல சர்க்கார் ஜல்லியத் திருடறயா?"

"என்ற ஜல்லிதானுங்க!"

"சுண்ணாம்பு போட்டது எப்படிடா உன்றது?"

"போட்டதும் நாந்தானுங்க."

"சர்க்கார் அடையாளத்த நீயே போட்டயா? அப்ப ரெண்டு குத்தம்."

"மாப்ள, வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒரு குத்தத்தோட போயிருக்குமுங்க" என்றார் மச்சான்.

ஓவர்சியர் வரும்வரை ஒரு கல்லும் அசையக் கூடாது என்று தலையாரியைக் காவல் வைத்துவிட்டுப் போனார் மணியக்காரர். என் ஜல்லிக்கு என்னிடமிருந்தே காவல்! நான் திருடனா, கண்ட்ராக்டரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரோட்டோரம் வண்டியில் கட்டியிருந்த மாடுகள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் ஓவர்சியர் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு மணியக்காரரிடம், "நிறுத்தினது நீங்கதானே? ஆளைக் கொடுங்க" என்றார். தலையாரி முதல் மணியக்காரர் பண்ணையத்து ஆட்கள் வரை அத்தனை பேரும் முணுமுணுத்துக்கொண்டே கலைத்துக் குவித்தார்கள். அளவுப் பெட்டி வைத்து அளந்து, பொழுது சாய்வதற்குள் ஓவர்சியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாடு தப்பியது என்று காற்றில் மிதந்தபடி ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசலில் மனைவி என் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"ஏனுங்க, மாடெங்க? வண்டியெங்க?"

ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறேன்.