உள்பக்கத் தாழ்ப்பாள்

தச்சர்கள் அவளுக்கு வைத்த பெயர் வளைவு மேடம். அவள் வரைந்து கொடுக்கும் அறைகளில் கூர்மையான முனையே இருக்காது. மேஜை, அலமாரி, ஜன்னல் விளிம்பு எல்லாம் பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். மரத்தின் முனையையெல்லாம் மழுக்கத் தெரிந்தவளுக்குத் தன் நாக்கின் முனையை மழுக்கத் தெரியவில்லை என்பார் மூத்த தச்சர். ஒருநாள் அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது அவள் கையிலிருந்தது மனநல மருத்துவமனையின் இளையோர் பிரிவு. பதின்வயதுப் பிள்ளைகள் தங்கப்போகும் படுக்கையறைகள். மாதிரி அறை ஒன்று தயாராகிவிட்டது. மறுநாள் மருத்துவமனை அதற்கு ஒப்புதல் கொடுத்தால் மற்ற அறைகளும் அச்சுப் பிசகாமல் அப்படியே எழும்பும். கட்டில் தரையோடு முடுக்கப்பட்டிருந்தது. சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. விளக்கின் வெளிச்சம் மாலை வெயில் போல் இதமாக விழுந்தது. உடம்பை அழுத்தி ஆறுதல் தரும் கனத்த போர்வை. கிறுக்கவும் அழிக்கவும் ஒரு சுவர். கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தால் படுத்திருப்பவரின் தலை தெரியும்.

இல்லாதது உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான். முதலில் அதையும் வரைந்திருந்தாள். பிள்ளை உள்ளேயிருந்து போட்டுக்கொள்ளலாம். தேவைப்பட்டால் நர்ஸ் வெளியிலிருந்து சாவி போட்டு உடனே திறக்கலாம். தலைமை நர்ஸ் படத்தைத் தள்ளி வைத்தார்.

“நீங்க வரஞ்சிட்டுப் போயிடுவீங்க மேடம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அம்மா அப்பா மூஞ்சிய நான்தான் பாக்கணும்.”

மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஒரே லிஃப்டில்கூட ஏற மாட்டார்கள். கடைசியில் வேலையே நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் தாழ்ப்பாளை அழித்தாள்.

அழித்ததைப் பற்றி அக்காவிடம் மூச்சு விடவில்லை. அக்கா பதினாறு வயதில் அப்படியொரு வார்டில் கிடந்தவள். இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, டாக்டருக்கு முன்பே நோயாளிகளைப் பயமுறுத்துகிறாள். தங்கையின் தொழிலை, ஜெயிலுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை என்பாள். அந்த வாயிலிருந்து ஒரு ‘பரவாயில்லை’யைப் பிடுங்கிவிடத்தான் தங்கை அவளை மாதிரி அறைக்கு அழைத்துப் போனாள்.

அக்கா செருப்போடு உள்ளே நுழைந்தாள். விளக்கைப் பார்த்து, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கிறது என்றாள். போர்வையைத் தூக்கிப் பார்த்து, இதில் சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கேட்டாள். பிறகு கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவினாள். வழுவழுவென்றிருந்தது.

“தாழ்ப்பாள் எங்கடி?”

பாதுகாப்பு, விதிமுறை என்று தங்கை இழுத்தாள்.

“வெளிய போ. கதவ மூடிட்டுப் போ.”

வெளியே தலைமை நர்ஸ் நின்றிருந்தார். இருவரும் ஆளுக்கொரு சுவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில் நர்ஸ் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கட்டில் காலி. போர்வையும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கதவை ஒட்டிய சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அக்கா அதில் தரையோடு தரையாக, போர்வையைத் தலைவரை இழுத்து மூடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலையே பார்த்துப் பார்த்து வரைந்த தங்கைக்கு அந்த இடுக்கு இப்போதுதான் கண்ணில் பட்டது.

“அங்க நான் இப்படித்தான் தூங்கினேன்” என்றாள் அக்கா. “பக்கத்து ரூம் பொண்ணு, கூட்டறவன், சாப்பாட்டு வண்டிக்காரன், யாரு வேணா கதவத் தள்ளிட்டு வந்து நிப்பாங்க. நீங்க கண்ணாடி வழியா பாக்கறது வேற. எவனோ உள்ள வந்து நிக்கறது வேற. பூட்டிக்க முடிஞ்சிருந்தா எதுக்கு ஒளியப்போறேன்?”

பயம் இறங்கியதும் நர்ஸுக்குக் கோபம் ஏறியது. நாடகம் போடும் இடமா இது என்று கேட்டார். ஓடி வந்தது யார் என்று அக்கா திருப்பிக் கேட்டாள்.

நர்ஸ் அந்த இடுக்கையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அந்தச் சந்த அடைங்க. தாழ்ப்பாள் சாவி என் ஆளுங்க ஒவ்வொருத்தர் கையிலயும் இருக்கணும். எனக்கு இப்பவும் இஷ்டமில்ல.”

தங்கை வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்ப்பேச்சு பேசாமல் தலையாட்டினாள். ஒப்புதல் தள்ளிப்போனது. மூத்த தச்சர் முணுமுணுத்தபடியே அலமாரியை நகர்த்தி இடுக்கை அடைத்தார். தாழ்ப்பாள் வந்தது. நர்ஸ் தன் கையாலேயே திரும்பத் திரும்பச் சாவி போட்டுத் திறந்து பார்த்தார். ஒரு தடவைகூட ‘சரி’ என்று சொல்லவில்லை.

தங்கை அக்காவை மறுபடியும் கூட்டி வந்தாள். அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். நேரம் போனது. நர்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அக்கா கட்டிலில், அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். செருப்பு இரண்டும் கட்டிலடியில் கிடந்தன. நர்ஸ் சாவியைத் துவாரத்தில் வைத்தார். திருப்பாமலே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

தங்கை கதவைத் தட்டினாள்.

“யாரு?”

“நான்தான், அக்கா.”

“போடி. அப்புறம் வா.”