பத்மா அக்காவின் கொய்யா மர ஷட்டில்

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அப்போதுதான் பத்மா அக்காவின் மகள் சுதா போன் செய்தாள். "சித்தி, அம்மா காலையில போயிட்டாங்க" என்றாள். நான் பையை மடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். பின்னால் நின்ற பெண், "இன்னாம்மா, கார்டு எடுத்தாரலியா?" என்று கேட்டாள். பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். அக்காவின் ஊரான மேல்சித்தாமூருக்குப் பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

பத்மாவதி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். செஞ்சியில் நாங்கள் வேலை பார்த்த பத்திரம் எழுதும் அலுவலகத்துக்கு வந்தவர்கள், தட்டச்சு மேசையில் குனிந்திருந்த அந்த மெலிந்த உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மேசை என்னுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்தான். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று பேசுவேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் ஒருவரிடம் சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன மரத்துண்டையும் நூலையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "வாய்க்கு ரெஸ்டு குடு செல்வி. கைக்கு வேலை குடு" என்றார்.

அதுதான் டாட்டிங் ஷட்டில். ஊசியும் இல்லை, கொக்கியும் இல்லை. விரல் நீளத்தில் இரண்டு முனையும் கூர்ந்த படகு போல ஒன்று, அதற்குள் சுற்றிய நூல். விரல்களிலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு, கைக்குட்டைக்கும் தலையணை உறைக்கும் ஓரம் பின்னுவார்கள். எனக்கு ஒரு மாதம் வரை ஒரு வளையம்கூட ஒழுங்காக மூடவில்லை. இடது கை நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், முடிச்சு சிக்கிக்கொள்ளும். "இந்தக் கையைக் கொஞ்சம் தளர வுடு. அப்பதான் முடிச்சு இடம் மாறி உட்காரும். நீ எதையுமே வுட மாட்டேங்கிற" என்று சிரிப்பார்.

அக்கா பள்ளி விடுதியில் படித்தபோது கற்றுக்கொண்ட வேலை அது. விடுதிக் காப்பாளர் பரிசாகக் கொடுத்த ஷட்டில் பளபளவென்று கறுப்பாக இருந்ததாம். அது மாட்டுக்கொம்பில் செய்தது என்று பிறகு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சமணக் குடும்பத்துப் பெண், எப்படி வைத்துக்கொள்வார்? ஆனால் பின்னாமலும் இருக்க முடியவில்லை. வீட்டுக் கொல்லையில் முறிந்து விழுந்த கொய்யாக் கிளையை எடுத்துப் பேனாக்கத்தியால் செதுக்கத் தொடங்கியிருக்கிறார். "ஏழு கட்டை வீணாப் போச்சு. எட்டாவதுலதான் நூல் நின்னுச்சு" என்பார்.

இலை வடிவில் சீவிய மெல்லிய மரத் தகடுகள் இரண்டு, நடுவில் நூல் சுற்ற ஒரு சிறு கட்டை. உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்குவார். முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நூல் உள்ளே போகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சரியில்லை என்றால் மறுபடியும் கண்ணாடித் துண்டை எடுத்துவிடுவார். மெழுகு தேய்க்க மாட்டார், அது தேனீயுடையது. அரக்குப் பாலிஷும் கிடையாது, அது பூச்சியிலிருந்து வருவது. கடலை எண்ணெய்தான். ஒட்டுவதற்குப் பசையும் கிடையாது. மூங்கில் சிலும்பில் குண்டூசி கனத்துக்கு இரண்டு ஆணி சீவி, ஊடே அடித்து இறுக்கிவிடுவார்.

சூரியன் விழுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவருக்கு இன்னொரு கட்டுப்பாடு. செஞ்சியில் சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். "மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயில் இருக்குது அக்கா, சாப்டு" என்று கிண்டல் செய்வேன். "எனக்குத் தெரியலன்னா போயிடுச்சுன்னுதான் அர்த்தம்" என்பார். மற்ற நாட்களில் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்விடுவார். அமாவாசையன்று கோயில் கூட்டத்துக்காகப் பேருந்தெல்லாம் மேல்மலையனூருக்குப் போய்விடும். சித்தாமூர் பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்.

இதை எழுதுவது எளிதாக இருக்கிறது. அன்று அது எளிதாக இல்லை. எங்கள் காலனித் தெருவுக்குள் அவர் சாதிப் பெண் ஒருவர் வந்து சாப்பிடுவதை இரண்டு பக்கத்திலும் பேசினார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நான் முந்தின நாளே அடுப்பைக் கழுவி வைத்து, அன்று புதுப் பாத்திரம் எடுத்து, வெங்காயமும் கிழங்கும் இல்லாமல் சுரைக்காய்க் கூட்டு வைப்பேன். என் நைனா வாசலில் நின்று, "வாம்மா, ஆறிடப் போவுது" என்று அழைப்பார். அக்கா வந்து உட்காரும் அந்த அரைமணி நேரம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா எனக்கென்று செய்து கொடுத்த ஷட்டில் ஒருநாள் பேருந்து நிலையத்தில் என் பையிலிருந்து விழுந்து, யாரோ மிதித்து, ஓர் இலை கழன்றுவிட்டது. மூங்கில் ஆணிகள் முறிந்துவிட்டன. அவர் பத்து நாள் உட்கார்ந்து செய்தது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பஜாரில் வயதான ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் தகரக் குவளையில் எதையோ காய்ச்சித் தடவி ஒட்டினார். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "இன்னா ஆசாரி இது?" என்றேன். "வஜ்ஜிரப் பசைம்மா. மாட்டுத் தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சுறது. மணக்குமா பின்ன? இனிமே ஜென்மத்துக்கும் பிரியாது" என்றார்.

மறுநாள் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அன்று பார்த்து அவருடைய ஷட்டிலில் நூல் தீர்ந்துவிட்டது. என் மேசையில் இருந்ததை எட்டி எடுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னுவதைத் திருப்பும்போது இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஷட்டிலைப் பல்லில் கவ்விக்கொள்வார். என் கண் முன்னால் அதை வாயில் வைத்தார். ஊரெல்லாம் சண்டை போடும் நான் அதைப் பிடுங்கவில்லை. சொன்னால் என் வீட்டில் இனி எப்படிச் சாப்பிடுவார் என்ற பயம்தான் தடுத்தது. அன்று மாலை வரை நான்கைந்து முறை வாயில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, "அந்த ஷட்டிலைக் குடு செல்வி. முனை மழுங்கி இருக்குது, தேய்ச்சித் தரேன்" என்று வாங்கிப் போனார். மறுநாள் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவரவில்லை. "இன்னிக்கு அட்டமியா அக்கா?" என்று கேட்டேன். அந்த நாட்களில்தான் அவர் விரதம் இருப்பார். "இல்ல, சும்மாதான். வயித்துக்கு ஒருநாள் லீவு" என்றார். அடுத்த வாரம் ஷட்டிலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "சரி பண்ணிட்டேன். பயப்படாம எடுத்து வேலை செய்" என்றார். எனக்கு அதைப் பார்க்கவே கூசியது. துணியைப் பிரிக்காமலே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். அதன் பிறகு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஷட்டிலில்தான் பின்னினேன். ஏன் என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அந்த மாத அமாவாசைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை கூட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாடா, அவருக்குத் தெரியாது என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நைனா காலமான போதும், வேலையிலிருந்து நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும், எத்தனையோ முறை சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த அமாவாசைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

சித்தாமூரில் எல்லாம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் காலை அந்த டப்பாவைத் திறந்தேன். வெள்ளைத் துணி பழுப்பேறியிருந்தது. பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வஜ்ஜிரம் பூசிய தடமே இல்லை. நடுக்கட்டை புதிது. ஓர் இலையும் புதிது, மற்றதைவிட நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பழைய இலையின் உட்புறத்தில் கண்ணாடித் துண்டால் சுரண்டிய கோடுகள் தெரிந்தன. பக்கத்துக்கு இரண்டாக மூங்கில் ஆணியின் தலைகள் மரத்தோடு மரமாக இருந்தன.

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எச்சில் பட்டுப் பட்டு வஜ்ஜிரம் இளகிய பிறகு அந்த நாற்றம் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்கும்; வீட்டில் பிரித்துப் பார்த்ததும் உறுதியாகியிருக்கும். வாங்கிப் போன மறுநாள் அவர் பட்டினி கிடந்தது அதற்காகத்தான். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் போட்ட சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து, இரண்டாம் முறை கூட்டு கேட்டிருக்கிறார். நான் சொல்வேன் என்று காத்திருந்தாரோ, சொல்லவே வேண்டாம் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மன்னிச்சிடு அக்கா என்று அவரிடம் சொல்ல வேண்டியதை, அவரை அறிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்தக் கொய்யா மர ஷட்டில் ஒன்றுதான். கடலை எண்ணெய் தொட்டுத் துடைத்து, நூல் சுற்றினேன். 'டிக்' என்று சத்தம் வந்தது. சுதாவுக்கு ஒரு கைக்குட்டை ஓரம் பின்னிக்கொண்டிருக்கிறேன். திருப்பும்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. அப்போது நானும் ஷட்டிலைப் பல்லில் கவ்விக்கொள்கிறேன்.