கூடியதா, குறைந்ததா

நின்ற பிறகும் ஜீப்பின் பானெட் வெகுநேரம் சூடாக இருக்கும். அதன்மேல் படிவத்தை விரித்துத்தான் எழுதுவேன். ஏற்காடு பஸ் நிலையத்தருகே, மாரமங்கலம் போகும் ஆட்கள் சேரும்வரை ஜீப்காரர் எனக்குப் பதில் சொல்வார். மலையில் போதைப் பழக்கம் கூடுகிறதா, குறைகிறதா என்று மாதாமாதம் கேட்டெழுதி சேலம் ஆபீசுக்கு அனுப்புவது அப்போது என் வேலை. கஞ்சா சுலபமாகக் கிடைக்கிறதா, வலி மாத்திரையை யார் வாங்குகிறார்கள், புதிதாக எத்தனை பேர். பெயர் மட்டும் கேட்கக் கூடாது. எனக்கு அது வசதியான விதி. பெயரில்லாதவர்களைப் பற்றி எழுதிவிட்டு மத்தியானம் நன்றாகச் சாப்பிட முடிந்தது.

ஜீப்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தெரியாததைத் தெரியாது என்பார். மற்றவர்களைப் போல என்னைத் திருப்திப்படுத்த அளந்துவிட மாட்டார். அதனாலேயே அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

ஒரு மாதம், புதிதாக யாராவது உண்டா என்றதற்கு, ஒருத்தன் என்றார். வயது பத்தொன்பது. எஸ்டேட் வேலைக்கு இப்போது போவதில்லை. மாத்திரையில் ஆரம்பித்து ஊசிக்குப் போய்விட்டான். தட்டில் போட்ட சோறு அப்படியே கிடக்கிறது, பெற்றவள் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அந்தத் தட்டுச் சோறு இவருக்கு எப்படித் தெரியும் என்று என் மரமண்டைக்கு உறைக்கக் கடைசிக் கேள்வி வரை ஆனது. நிமிர்ந்தேன். அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத எழுதிக் குடுத்தா வந்து பாப்பாங்களா?"

படிவத்தை அவர் மனு என்று நினைத்திருந்தார். இது யாரையும் அழைத்து வராது, பையனை சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "பாப்பாங்கண்ணா" என்றேன். ஏன் சொன்னேன் என்று ஓய்வு பெற்ற இந்த வயதிலும் தெரியவில்லை.

அடுத்த மாதம், இன்னும் யாரும் வரவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆபீசர்கள் வரும் நேரத்தில் அவன் இல்லாமல் போய்விடக் கூடாதென்று எங்கும் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தாராம். சேலத்தில் சொன்னேன்தான். ஒருவரை வைத்துப் போக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாதம் நான் பஸ் இறங்கியதும் டீக்கடையில் சொன்னார்கள், ஜீப்காரர் மகன் இறந்து இருபது நாளாயிற்று என்று. ஜீப் வழக்கமான இடத்தில் நின்றது. நான் படிவத்தை எடுக்கவில்லை. இன்றைக்கு எழுதவில்லையா என்று அவர்தான் கேட்டார். எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். போன மாதத்தைவிடக் கூடியதா, குறைந்ததா என்ற இடத்துக்கு வந்தபோது கேள்வியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன். அவரே எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தன் கொறஞ்சுட்டானுங்க. கொறஞ்சுதுன்னே போட்டுக்குங்க."

போட்டேன். அழுகை வரவில்லை.

அந்த வருட அறிக்கையில் எங்கள் மலை, குறைந்த இடங்களின் பட்டியலில் வந்தது. கூட்டத்தில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.